நேரடி இரண்டாம் ஆண்டு: இன்றே ஆரம்பிப்போம்!



நம் பாலிடெக்னிக்கில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். "டிப்ளமோ முடிச்சிட்டு என்னடா பண்ணப் போறே?" "லேட்டரல் என்ட்ரில பி.இ. போயிடுவேன் மச்சி." "அதுக்கு என்ன பண்ணணும்?" "அதெல்லாம் ஃபைனல் இயர்ல பாத்துக்கலாம்." இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஃபைனல் இயரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது பெரிய தவறு. பார்க்க வேண்டிய வருஷம் இரண்டாம் வருஷம்தான். நான் இப்போது மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டதை, உங்களுக்குச் சீக்கிரமாகச் சொல்லிவிட ஆசைப்படுகிறேன்.

போன வருஷம் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் 84 சதவீதம் எடுத்தார். லேத்தில் நின்றால் வாத்தியார்களே வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவு கை சுத்தம். அவர் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. ஆனால் அந்த முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு அவர் விண்ணப்பித்தது ரிசல்ட் வந்த பிறகு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அவர் இனிஷியல் ஒரு எழுத்து. அப்பாவின் ஆதாரில் பெயர் வேறு மாதிரி. அதைச் சரி செய்யவே நாள் போய்விட்டது. சான்றிதழ் கைக்கு வந்தபோது கவுன்சிலிங் முடிந்திருந்தது. யார் மேலும் குற்றம் இல்லை. காகிதத்துக்கு என்று ஒரு வேகம் இருக்கிறது, அதை நாம் அவசரப்படுத்த முடியாது. அந்த அண்ணன் இப்போது ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறார். "அடுத்த வருஷம் பாக்கலாம்டா" என்கிறார். பார்ப்பார் என்றுதான் நம்புகிறேன்.

நுழைவுத் தேர்வு இல்லையா? இருக்கிறது!

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வோம். பக்கத்து மாநிலங்களில் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடி இரண்டாம் ஆண்டு சேரத் தனியாக நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஈசெட். கர்நாடகாவில் டி.சி.இ.டி. கேரளாவில் எல்.இ.டி. நம் தமிழ்நாட்டில் அப்படி ஒரு தேர்வு கிடையாது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை, அதை வைத்தே கவுன்சிலிங்.

இதைக் கேட்டதும் நமக்கு ஒரே சந்தோஷம். "அப்பாடா, பரீட்சை இல்லை!" ஆனால் யோசித்துப் பாருங்கள். ஈசெட் எழுதும் பையன் இரண்டு வருஷம் சுமாராகப் படித்துவிட்டு, கடைசி மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்து ஒரே நாளில் மேலே வந்துவிடலாம். நமக்கு அந்த ஒரு நாள் கிடையாது. நாம் எழுதுகிற ஒவ்வொரு செமஸ்டரும் நுழைவுத் தேர்வின் ஒரு பகுதிதான். நான்காம் செமஸ்டரில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, நீங்கள் ஏற்கனவே பரீட்சை ஹாலுக்குள் இருக்கிறீர்கள்! மணி அடித்து நேரமாகிவிட்டது.

ஆகவே இன்டர்னல் மார்க்கை அலட்சியம் செய்யாதீர்கள். அட்டெண்டன்ஸ், டெஸ்ட், அசைன்மென்ட், ரெக்கார்டு நோட்டு என்று சில்லறை சில்லறையாகச் சேருவதுதான் கடைசியில் ரேங்க்கில் நூறு பேரை முந்தும். ரெக்கார்டு நோட்டை ஒரே ராத்திரியில் பார்த்து எழுதிவிட்டு ஆசிரியரிடம் கையெழுத்துக்காகக் கெஞ்சுவது நமக்கு விளையாட்டு. அந்த விளையாட்டுக்கு விலை இரண்டு வருஷம் கழித்துத் தெரியும்.

அரியர் இருந்தால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் வாரியத் தேர்வு அக்டோபரிலும் ஏப்ரலிலும் வருகிறது. பழைய அரியரை ஐந்தாம் செமஸ்டரின் அக்டோபர் தேர்வோடு கழித்துவிட வேண்டும். ஏப்ரல் வரை இழுத்தால் ஆறாம் செமஸ்டர் பாடங்களும் ப்ராஜெக்டும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். அதில் ஒன்று போனாலும் அந்த வருஷக் கவுன்சிலிங் போனது போலத்தான்.

காகிதங்களை இரண்டாக பிரியுங்கள்

சான்றிதழ் என்றால் எல்லாம் ஒன்று போல இல்லை. ஒரு தடவை வாங்கினால் நிலைத்து நிற்பவை சில. காலாவதி ஆகிறவை சில. இதைத் தெரியாமல் சிலர் எல்லாவற்றையும் கடைசியில் வாங்குகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் முன்னாலேயே வாங்கிவிட்டு, விண்ணப்பிக்கும் நேரத்தில் செல்லாத காகிதத்தோடு நிற்கிறார்கள்.

சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது. பழைய கையெழுத்துச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஆன்லைன் சான்றிதழாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. பழங்குடியினருக்கு இந்தச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு விசாரணை அதிகம், நாளும் அதிகம். அந்த நண்பர்கள் இரண்டாம் ஆண்டின் ஆரம்பத்திலேயே கிளம்ப வேண்டும்.

வருமானச் சான்றிதழ் அப்படி அல்ல. ஒரு வருஷம்தான் செல்லும். ஆகவே இதை மூன்றாம் ஆண்டின் கடைசிப் பகுதியில் வாங்குங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். அதற்கு இந்தக் காகிதம் கட்டாயம்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும் திட்டம் 2010-11 கல்வியாண்டில் நம் மாநிலத்தில் வந்தது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா என யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. இதில் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று: கவுன்சிலிங் மூலமாக சேர்ந்தால்தான் இந்தச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. "கவுன்சிலிங் எதுக்கு, நேரா வா, சீட் தர்றோம்" என்று ஏஜென்ட் போனில் இனிக்க இனிக்கப் பேசுவார். அந்தப் பேச்சில் இந்த நஷ்டம் மட்டும் இருக்காது.

இரண்டு: சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும். ஹாஸ்டல், பஸ், புத்தகம் எல்லாம் நம் கையில்தான்.

மூன்று: வீட்டில் இருக்கும் எல்லோருடைய படிப்பு விவரமும் தர வேண்டும். மாணவரும் பெற்றோரும் சேர்ந்து உறுதிமொழி தர வேண்டும். எங்கேயோ வேலை பார்க்கும் அண்ணனின் டி.சி. எங்கே என்று தேட வேண்டி வரும். பழைய பெட்டியை திறந்தால் எலி கடித்த காகிதம் வரும். அதனால்தான் சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று போகும். தேர்தல் வேலை வந்தாலோ, வெள்ள நிவாரணம் வந்தாலோ அந்த அலுவலர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. நம் காகிதம் காத்திருக்கும். மே, ஜூனில் பிளஸ் டூ முடித்தவர்களும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். டிசம்பரில் போனால் அந்தக் கூட்டம் இல்லை.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இன்றைக்கு ராத்திரியே செய்யலாம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், அப்பாவின் ரேஷன் கார்டு, ஐந்தையும் தரையில் வரிசையாக வையுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எனக்கு இரண்டு இடத்தில் தப்பு இருந்தது. ஆதாரில் இனிஷியலே இல்லை. பாஸ்புக்கில் பெயரில் ஒரு எழுத்து கூடுதல். நான்காம் செமஸ்டர் லீவில் பார்த்ததால் நிதானமாகச் சரி செய்தேன். ஜூனில் பார்த்திருந்தால் அந்த அண்ணன் கதைதான் எனக்கும்.

கணக்கு என்ற பள்ளம்

சீட் கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. லேட்டரலில் போன அண்ணன்களைக் கேளுங்கள். "எதுண்ணா கஷ்டம்?" என்றால் எல்லோரும் ஒரே வார்த்தை சொல்வார்கள்: "மேத்ஸ்."

காரணம் சுலபம். டிப்ளமோவில் கணக்கு முதல் வருஷத்தோடு முடிந்துவிடுகிறது. பிறகு இரண்டு வருஷம் நாம் அதைத் தொடுவதே இல்லை. அங்கே பி.இ. முதலாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு செமஸ்டர் கணக்கு படித்துவிட்டு வருகிறார்கள். நாம் நேராக மூன்றாம் செமஸ்டரில் போய் உட்காருகிறோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் என்ற தாள். இ.இ.இ. என்றால் புராபபிலிட்டி அண்ட் காம்ப்ளக்ஸ் ஃபங்ஷன்ஸ். இ.சி.இ. என்றால் ரேண்டம் பிராசஸ் அண்ட் லீனியர் ஆல்ஜீப்ரா. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் டிஸ்கிரீட் மேதமேடிக்ஸ்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உள்ளே போய்ப் பார்த்தால் நமக்குத் தெரிந்த ஆள்தான் வேறு சட்டை போட்டு நிற்கிறார். உதாரணமாக ஃபூரியர் சீரிஸ். ஒரு அலையை சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதுவது. அதில் ஒவ்வொரு கெழுவையும் கண்டுபிடிக்க என்ன செய்கிறோம்? இன்டகிரேஷன். எக்ஸையும் சைன் என்எக்ஸையும் பெருக்கி இன்டகிரேட் செய்ய வேண்டும். அதற்கு வேண்டியது இன்டகிரேஷன் பை பார்ட்ஸ், அதன் சுருக்கு வழியான பெர்னூலி ஃபார்முலா. இது நம் டிப்ளமோ முதல் வருஷக் கணக்கில் படித்ததுதானே! மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வருஷக் கணக்குப் புத்தகத்தை ஜூனியருக்குப் பாதி விலையில் விற்றுவிடாதீர்கள். நான் விற்றுவிட்டேன். பிறகு அதே தம்பியிடம் போய், "ஒரு மாசம் குடுப்பா" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் ஆண்டிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு ஐந்து கணக்கு போடுங்கள். டிஃபரன்ஷியேஷன், பார்ஷியல் டிஃபரன்ஷியேஷன், இன்டகிரேஷன், மேட்ரிக்ஸ், இந்த நான்கும் போதும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் ஒவ்வொரு கணக்குச் சொல்லுக்கும் இங்கிலீஷ் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் அகராதி.

கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டாம்

முன்பெல்லாம் இந்தக் கவுன்சிலிங்குக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் அப்பாவும் பிள்ளையுமாகக் காரைக்குடிக்கு பஸ் ஏறுவார்கள். அங்கே அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில்தான் நேரில் நடந்தது. இப்போது விண்ணப்பம் ஆன்லைனில் வந்துவிட்டது. வசதிதான். ஆனால் ஒரு கஷ்டமும் இருக்கிறது. காரைக்குடியில் வரிசையில் நின்றால், "அந்த காலேஜா? வேணாம்பா" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். கம்ப்யூட்டர் சென்டரில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே முன்னாலேயே விசாரித்து வைக்க வேண்டும்.

நான்காம் செமஸ்டர் லீவில் இரண்டு மூன்று கல்லூரிக்கு நேரில் போய்ப் பாருங்கள். கேட்டில் நின்று வெளியே வரும் மாணவர்களிடம் பேசுங்கள். லேப் திறந்திருக்கிறதா? லேட்டரல் மாணவர்களுக்குக் கணக்குக்குத் தனி வகுப்பு வைக்கிறார்களா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கல்விக் கட்டணம் தவிர வேறு என்னென்ன கேட்கிறார்கள்? இந்த நாலு கேள்வி போதும். விளம்பர நோட்டீஸில் இதற்குப் பதில் இருக்காது.

நேரடி இரண்டாம் ஆண்டு ஒன்றுதான் வழி என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போவதும் நல்ல வழிதான். 1961-ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி இருக்கிறது. உதவித்தொகையும் உண்டு. நம் தென் மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆனால் இரண்டு பழைய வழிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். "வேலை பாத்துக்கிட்டே ஏ.எம்.ஐ.இ. எழுதிடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது சரி. ஆனால் 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் அது பட்டத்துக்குச் சமம் என்ற மத்திய அரசின் அங்கீகாரம். அதே போல, தபால் வழியில் பி.இ. தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாமல் தொலைதூரக் கல்வியில் தந்த பொறியியல் பட்டங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் கடுமையான தீர்ப்பு தந்தது. பணம் கட்டிப் படித்தவர்கள்தான் தவித்தார்கள்.

எல்லாவற்றிலும் கஷ்டமான பேப்பர்

மதிப்பெண், சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமான பேப்பர் ஒன்று உண்டு. வீட்டில் பேசுவது.

நம்மில் பல பேர் வீட்டில், "மூணு வருஷம் கழிச்சு பையன் சம்பாதிப்பான்" என்று நம்பித்தான் டிப்ளமோ சேர்த்தார்கள். அதை நம்பிச் சீட்டு கட்டியிருப்பார்கள், கடன் வாங்கியிருப்பார்கள், அக்கா கல்யாணத்தைக்கூட அந்தக் கணக்கில் வைத்திருப்பார்கள். கடைசி நாளில் போய், "நான் இன்னும் மூணு வருஷம் படிக்கப் போறேன்" என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் கோபப்பட்டால் அது நியாயம்தான்.

நான் நான்காம் செமஸ்டர் லீவில் சொன்னேன். அதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். கட்டணம் எவ்வளவு, சலுகை போக எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, லீவில் நான் வேலை செய்தால் எவ்வளவு வரும், ஒருவேளை சீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்றெல்லாம் எழுதினேன். அம்மா, "டிப்ளமோ முடிச்சா வேலைன்னு சொன்னியேப்பா" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். தாளைக் கொடுத்தேன். அவருக்குப் படிக்க வராது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். இரண்டு தடவை கேட்டார். பிறகு, "ஒரு வருஷம் இருக்குல்ல, பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வருஷம்தான் நண்பர்களே, விஷயம்! ஜூனில் போய்க் கேட்டிருந்தால் அவரால் "முடியாது" என்றுதான் சொல்லியிருக்க முடியும். ஒரு வருஷம் முன்னால் கேட்டதால் "பாக்கலாம்" என்று சொல்ல அவருக்கு இடம் கிடைத்தது. எனக்குச் சீட் கிடைக்குமா என்று இதை எழுதும்போது தெரியாது. ஆனால் கிடைக்காமல் போனால், அது நான் தாமதித்ததால் இருக்காது.

சுருக்கமாக ஒரு அட்டவணை

மூன்றாம் செமஸ்டர்: ஐந்து காகிதத்திலும் பெயர், இனிஷியல் சரிபார்த்தல். சாதிச் சான்றிதழ்.

நான்காம் செமஸ்டர்: பழைய கணக்குப் புத்தகத்தைத் திறத்தல். லீவில் கல்லூரிகளைப் பார்த்தல். வீட்டில் தாளோடு பேசுதல்.

ஐந்தாம் செமஸ்டர்: அக்டோபரில் எல்லா அரியரையும் முடித்தல். டிசம்பருக்குள் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தல்.

ஆறாம் செமஸ்டர்: வருமானச் சான்றிதழ். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்தல். அறிவிப்பு வந்ததும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நாமே படித்து, நாமே விண்ணப்பித்தல்.

இதைக் கிழித்து ஹாஸ்டல் சுவரில் ஒட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான். மலர் பத்திரமாக இருப்பதைவிட நம் ஜூனியர் ஒருவர் நேரத்துக்கு விண்ணப்பிப்பது பெரிது. இதைப் படித்து முடித்ததும் தம்பி, தங்கைகளே, அந்த ஐந்து காகிதத்தை எடுத்துத் தரையில் பரப்புங்கள்.